முகம் மட்டும் சேரவில்லை

குரு ஆவதில் எந்தச் சிரமமும் இல்லை. சிஷ்யன் வந்து காலில் விழுந்துவிட்டால் குரு ஆகிவிடலாம். குருவின் வீட்டுக்காரனாக இருப்பதுதான் பெரும்பாடு. வருகிற சிஷ்யனுக்கெல்லாம் காபி போட வேண்டும்.

என் பெயர் ஆரோக்கியதாஸ். திருச்சி கே.கே. நகரில் மோட்டார் பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். குரு என் மனைவி ஃபிலோமினா. காலேஜில் தாவரவியல் எடுக்கிறாள். வயது நாற்பத்து மூன்று. தாடி, காவி ஒன்றும் கிடையாது.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஸ்டீரியோ போட்டோ.

ஒரே காட்சியை இடது கண் பார்க்கிற மாதிரி ஒரு படம், வலது கண் பார்க்கிற மாதிரி ஒரு படம் என்று இரண்டு எடுக்க வேண்டும். செல்போனில் இல்லை, ஃபிலிமில். கழுவி வந்த இரண்டு ஸ்லைடையும் ஒரு சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் பொருத்தி, வியூவர் என்கிற, உள்ளே சின்ன விளக்கு எரியும் கைக்கடக்கமான கறுப்புப் பெட்டியில் செருகிக் கண்ணில் வைத்தால், படம் தட்டையாக இருக்காது. கிளை முன்னால் வரும், இலை பின்னால் போகும். நான்கூட முதல் தடவை பார்த்தபோது கையை நீட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு பூராவும் ஃபிலிம் ரோல்தான். கத்தரிக்காய் வெளியே கிடந்து வதங்கும். கேட்டால், "ஃபிலிம் சூடுபட்டா கெட்டுப்போயிரும்ங்க" என்பாள். கத்தரிக்காய்க்கு அந்த மரியாதை இல்லை.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒரு விஜயதசமி அன்று கோதண்டபாணி வந்தார்.

கட்டட இன்ஜினியர். என் மனைவியைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று வயது மூத்தவர். காலேஜ் கண்காட்சியில் அவள் எடுத்த படங்களை வியூவரில் பார்த்தாராம். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டதாம்.

"நீங்கதான் எனக்குக் குரு. மறுக்கக் கூடாது" என்றார்.

"சார், நான் உங்களைவிடச் சின்னவ. அதோட நாங்க கிறிஸ்டியன்."

"குருவுக்கு வயசு ஏது டீச்சர், மதம் ஏது?"

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் இருந்தது. தட்டை அவர் பிடித்திருக்கவில்லை. பின்னால் நின்ற அவர் மனைவி பிடித்திருந்தார். ஒல்லியான உடம்பு, தேங்காயோடு தட்டு கனத்திருக்கும்.

"உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அவ நிப்பா" என்றார் கோதண்டபாணி.

ஃபிலோமினா போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். "உங்க பேரு என்னங்கம்மா?"

"செண்பகவல்லி" என்றார் கோதண்டபாணி.

அந்த அம்மா லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினார். சரியான பெயரைத்தான் சொல்லியிருக்கிறார் என்பதுபோல.

"முதல் பாடம் என்ன டீச்சர்?"

ஃபிலோமினா ஒரு பேனாவைத் திறந்தாள். மூடியை அவர் வலது கையில் கொடுத்தாள், பேனாவை இடது கையில். "கையை நல்லா நீட்டிக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, மூடியைப் போடுங்க சார்."

போட்டார். மூடி பேனாவைத் தாண்டிக் காற்றில் போயிற்று. மறுபடி போட்டார். மறுபடியும் காற்று. மூன்றாவது தடவை விரலை நீட்டிப் பேனா முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கச்சிதமாகப் போட்டுவிட்டார்.

"பார்த்தீங்களா" என்றார் பெருமையாக.

"தொடக் கூடாதுன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் ஃபிலோமினா.

நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஃபிலோமினாவிடம் இரண்டு லென்ஸ் வைத்த பழைய கேமரா ஒன்று உண்டு. ஒரே அமுக்கில் இரண்டு படமும் விழுந்துவிடும். கோதண்டபாணியிடம் இருந்தது சாதாரண ஒற்றை லென்ஸ் ஃபிலிம் கேமரா. அதில் ஸ்டீரியோ எடுப்பதற்கு வேறு வழி. மூன்றுகால் ஸ்டாண்டின் மேல் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, பட்டையின் மேல் கேமராவை வைக்க வேண்டும். ஒரு கிளிக். பிறகு ஃபிலிமை ஓட்டி, கேமராவைப் பட்டையில் வலது பக்கம் நகர்த்த வேண்டும், நம் இரண்டு கண்ணுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு. அப்புறம் இன்னொரு கிளிக். பட்டையில் ஸ்கேல் ஒட்டியிருக்கும். குனிந்து பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

பட்டையை அவரே லேத்தில் கொடுத்துச் செய்துகொண்டு வந்தார். நான் பம்ப்செட் ஆள், இரும்பு வேலை எனக்குத் தெரியும். குறையே சொல்ல முடியாது. வழவழவென்று போய் டக்கென்று நின்றது.

"மரம், பாறை, கட்டடம் எடுங்க சார்" என்றாள் ஃபிலோமினா. "ஆள் மட்டும் வேண்டாம்."

"ஏன் டீச்சர்?"

"ரெண்டு கிளிக்குக்கும் நடுவுல நேரம் ஆகுதில்ல. மனுஷங்க அவ்வளவு நேரம் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க."

"இருக்க வச்சுட்டா?"

"இருக்க வச்சுட்டா அப்புறம் அது பாறைப் படம்தான்."

"சரி, பார்ப்போம்" என்றார் கோதண்டபாணி.

"ஆள் எடுக்கணும்னா சொல்லுங்க. என் ரெண்டு லென்ஸ் கேமராவைத் தர்றேன்."

"எதுக்கு டீச்சர்? என் பட்டை இருக்கே."

நாலு மாசத்தில் மனுஷன் தேறிவிட்டார். மலைக்கோட்டைப் பாறை, முக்கொம்பு மதகு, கல்லணையில் கட்டிப்போட்ட படகு என்று ஒவ்வொன்றும் கண்ணில் வைத்தால் இறக்க மனசு வராது. வேலையில் அவ்வளவு சுத்தம். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஒருநாள் வியூவரை நீட்டினார். "பாருங்க டீச்சர்."

மொட்டைமாடி. பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் மனைவி. பின்னால் கொடியில் துணி. கை மடியில், கண் நேரே. எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. மூக்குத்தி மூக்கைவிட்டுக் கொஞ்சம் முன்னால் நின்றது.

"ஆள் வேண்டாம்னு சொன்னேனே சார்" என்று ஆரம்பித்தவள், பார்க்கப் பார்க்கக் கோபத்தை மறந்துவிட்டாள். "எப்படி இவ்வளவு ஆடாம இருந்தாங்க?"

"ஆடாதேன்னு சொன்னா ஆட மாட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் குருவும் சிஷ்யனும் பேசும்போது வீட்டுக்காரன் வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று ஃபிலோமினா சொல்வது கேட்டது. "முகத்துல ஒண்ணுமே இல்லை. சிரிச்ச மாதிரி இருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

"சிரிக்கச் சொல்லிட்டாப் போச்சு" என்றார் அவர்.

சிரிக்கவும் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே அந்த ரோலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை உடனே கழுவிவிட முடியாது. ஸ்லைடு ஃபிலிம் கழுவ மும்பைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாக அனுப்பினால் கட்டாது. எல்லா ரோலையும் ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்து, ஒரு கத்தை ஆனதும் கூரியரில் போடுவோம். அந்த ரோலும் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அது அங்கே இருக்கும்போதே அந்த அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் இட்லி ஊற்றி வைத்திருக்கிறார். தொட்டுக்கொள்ள, கணவருக்குப் பிடித்த கடப்பாக் குழம்பும் வைத்திருக்கிறார். அவர் சாப்பிட்டுச் சைட்டுக்குப் போனதும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு பையோடு புதுக்கோட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். போன் பண்ணிக் கேட்டதற்கு, "இனிமே வரல" என்றாராம். ஏன் என்றால், "சொல்ல என்ன இருக்கு" என்றாராம். பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொல்லியிருக்கிறார் இவர். அவன், "அம்மா இஷ்டம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டானாம்.

எங்கள் ஹாலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். கோபம் இல்லை. கணக்குப் போட்டுக் கட்டின சுவர் விழுந்துவிட்டால் இன்ஜினியர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குடிப்பேனா தாஸ் சார்?"

"இல்லை சார்."

"கை நீட்டியிருக்கேனா? கேட்டுப் பாருங்க, ஒரு தடவை. ஒரு பொம்பளை சகவாசம் உண்டா?"

"சேச்சே."

"அப்புறம் என்னதான் குறை அவளுக்கு?"

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஆள் மேல் எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் காபி போடப் போய்விடுவேன். போனேன்.

மும்பையிலிருந்து பார்சல் வந்தது. அவரவர் ஸ்லைடை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்தாள் ஃபிலோமினா. அவரும் வாங்கிக்கொண்டு போனார். போனவர் மறுநாள் சாயங்காலமே வியூவரும் கையுமாக வந்து நின்றார். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"டீச்சர், ஒரு ஜோடியில முகம் மட்டும் சேரல. நீங்கதான் சேர்த்துக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"என்ன சார் ஞாயித்துக்கிழமை?"

"புதுக்கோட்டையில பேச்சுவார்த்தை. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் வர்றாங்க. கடைசியா ஒரு தடவை பேசிப் பார்ப்போம்னு மச்சான் ஒத்துக்கிட்டான். அன்னிக்கு முடிஞ்சாத்தான் உண்டு. இல்லேன்னா அவ வரவே மாட்டா."

"அதுக்கும் படத்துக்கும் என்ன சார்?"

அவர் வியூவரைத் தட்டிக் காட்டினார். "இதை ஒவ்வொருத்தர் கையிலயும் குடுப்பேன். பாருங்கய்யா, ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தது. நேர்ல உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி சிரிக்கிறா. இந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு ஒருத்தன் சொல்லட்டும், இவ எங்கிட்ட கஷ்டப்பட்டான்னு. அவளும் பார்க்கட்டும். அவளுக்கே மறந்துபோயிருக்கும், எப்படிச் சிரிச்சோம்னு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "அவ இல்லாம வீடு வீடா இல்லை டீச்சர். உப்பு எங்க இருக்குன்னு தெரியல எனக்கு."

பொய் இல்லை. மனுஷன் நிஜமாகவே தவித்துப்போயிருந்தார்.

ஃபிலோமினா வியூவரை வாங்கிக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அதே மொட்டைமாடி. அதே நாற்காலி. புடவை மடிப்பு தனித்தனியாக எண்ணலாம். மடியில் கை, கையில் வளையல், பின்னால் கொடியில் ஒரு துண்டு. எல்லாம் தொட்டுவிடலாம் போல நின்றது. முகத்துக்கு வந்தால் மட்டும் கண் கூசியது. வாய் சிரிக்கிறது, சிரிக்கவும் இல்லை. கண் இங்கே பார்க்கிறது, வேறு எங்கேயோ பார்க்கவும் செய்கிறது. ஒரு முகம் வந்தால் இன்னொரு முகம் அதைத் தள்ளிவிட்டு வருகிறது. எனக்குத் தலை சுற்றியது. இறக்கி வைத்துவிட்டேன்.

"லேப்ல ஏதாவது சொதப்பியிருப்பாங்களா டீச்சர்?"

"லேப்ல கெடுத்தா படம் முழுக்கக் கெடும் சார். முகம் மட்டும் எப்படிக் கெடும்?"

"சட்டத்துல பொருத்துனது சரியில்லையோ?"

ஃபிலோமினா சட்டத்தைப் பிரித்தாள். விளக்குப் பலகையில் இரண்டு ஸ்லைடையும் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி பொருத்தினாள். அவரிடம் கொடுத்தாள். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பட்டை நழுவியிருக்குமோ?"

"இல்லை சார். கம்பி, கொடி, நாற்காலி எல்லாம் கணக்கா இருக்கு. உங்க வேலையில ஒரு நூல் பிசகல."

வேறு சமயமாக இருந்தால் பூரித்துப்போயிருப்பார். இப்போது காதிலேயே விழவில்லை.

"அப்ப அவதான் ஆடிட்டா."

"ஆடல. தலை ஆடல, கை ஆடல. தோடு ரெண்டு படத்துலயும் அதே இடத்துல தொங்குது. நீங்க சொன்னபடிதான் உட்கார்ந்திருக்காங்க."

"சிரின்னும்தானே சொன்னேன்."

"சிரிச்சிருக்காங்க."

"பின்ன?"

ஃபிலோமினா ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, வியூவரின் வலது பக்க லென்ஸை மறைத்தாள். "இப்ப பாருங்க."

கோதண்டபாணி கண்ணில் வைத்தார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப சிரிக்கிறா. நல்லா சிரிக்கிறா. பல்லுகூடத் தெரியுது டீச்சர். தாஸ் சார், நீங்க பாருங்க."

பார்த்தேன். அந்த அம்மா சிரித்தார்தான். கல்யாண வீட்டில் வீடியோ லைட் மூஞ்சியில் விழும்போது நாமெல்லாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு. குற்றம் சொல்ல முடியாது. போதுமான சிரிப்பு.

"இதை இப்படியே காட்டிடலாமே" என்றார். "இல்ல, இந்தப் படத்தையே இன்னொரு காப்பி எடுத்து ரெண்டு பக்கமும் வச்சுட்டா?"

"வைக்கலாம். தட்டையா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியுமே சார்."

"எனக்கு அவ வந்தாப் போதும்."

ஃபிலோமினா அவர் கையிலிருந்த வியூவரை வாங்கினாள். காகிதத்தை எடுத்து இடது பக்க லென்ஸை மறைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

கண்ணில் வைத்தவர் உடனே இறக்கிவிட்டார்.

"வலது கண்ணுல எனக்குப் பவர் கொஞ்சம் ஜாஸ்தி."

"கண்ணாடி போட்டிருக்கீங்களே."

என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மறுபடியும் கண்ணில் வைத்தார்.

அந்தப் படத்தை நானும் பிற்பாடு பார்த்தேன். அதனால் சொல்கிறேன். அழுகை இல்லை. கோபம் இல்லை. வெறுப்பு என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. ரேஷன் கடை வரிசையில் வெகுநேரம் நின்ற ஒருத்தர், முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று எட்டிப் பார்ப்பார் இல்லையா, அந்த முகம். அந்த அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு நானாவது வற்புறுத்தி உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

கோதண்டபாணி வியூவரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார். "இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்லையே."

அதை நான் நம்பினேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"ரெண்டாவது கிளிக் பண்ணும்போது நீங்க எங்க சார் பார்த்தீங்க?" என்று கேட்டாள் ஃபிலோமினா.

"ஸ்கேலை. அளவு சரியா வரணுமில்ல."

"கேமரா வழியா பார்க்கலையா?"

"முதல் கிளிக்குக்கு முன்னாடியே எல்லாம் பார்த்து வச்சாச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை பார்க்கணும்? அவ எங்க போயிடப்போறா? கேமராவுல மாட்டின வயர் பட்டன் கையில இருக்கு. குனிஞ்சு நகர்த்தினேன், அமுக்கினேன்." சட்டென்று குரல் உயர்ந்தது. "நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, ஸ்கேலை விட்டுக் கண்ணை எடுக்காதீங்கன்னு?"

"ஆமா சார். நான்தான் சொன்னேன்." அவள் முகம் சுண்டிவிட்டது. "சிரிக்கச் சொல்லுங்கன்னும் நான்தான் சொன்னேன்."

தெருவில் பழைய பேப்பர்க்காரர் கூவிக்கொண்டு போனார்.

"பால் கில் அடுப்புல வச்சுட்டு வந்திருப்பா" என்றார் கோதண்டபாணி. "அது ஞாபகம் வந்திருக்கும்."

ஃபிலோமினா பூதக்கண்ணாடியை எடுத்து உறையில் போட்டாள்.

"வெயில் வேற. மூணு மணி வெயில். அதுல உட்காரச் சொன்னா யாருக்கும் மூஞ்சி மாறத்தான் செய்யும்."

"முதல் படமும் அதே வெயில்தான் சார்" என்றேன் நான். வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. வியூவரைத் திரும்பக் கண்ணில் வைத்தார். இப்போது அவராகவே வைத்தார், யாரும் சொல்லவில்லை. இன்ஜினியர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விரிசல் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று தேடுவதுபோல் தேடினார்.

"இவ கேமராவைப் பார்க்கல" என்றார்.

"இல்லை."

"முதல் படத்துல நேரா கேமராவைப் பார்க்கிறா. இதுல கண்ணு கொஞ்சம் ஒதுங்கியிருக்கு. கேமராவுக்குப் பக்கத்துல எதையோ பார்க்கிறா."

"ஆமா சார்."

"பூனை கீனை வந்திருக்குமோ?"

ஃபிலோமினா ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பக்கத்து மாடியில யாராவது நின்னாங்களோ? இல்லையே. அந்தப் பக்கம் வெறும் வாட்டர் டேங்க்தான். அதுவும் இவ்வளவு கிட்டத்துல இல்லையே." வியூவரை இறக்கினார். மூக்கின் மேல் அதன் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. "ஒரு மனுஷி இப்படி மூஞ்சியை வச்சுக்கணும்னா எதையாவது பார்த்துத்தானே வச்சிருக்கணும்? மாடியில வேற யாருமே இல்லை டீச்சர். நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன். கேமராவுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

ஃபிலோமினா அவர் கையிலிருந்து வியூவரை மெதுவாக வாங்கினாள். உள்ளே எரிந்த சின்ன விளக்கை அணைத்தாள்.

"நீங்க இருந்தீங்க சார்."